தவிடு நஷ்டமா? நெல் ஆலையில் பொதுச் செலவைப் பிரிக்கும் கணக்கு

கேள்வி: ஆரணிப் பக்கம் புழுங்கல் அரிசி ஆலை நடத்துகிறோம். அண்ணன் தம்பி மூவரும் பங்குதாரர்கள். நெல் கொள்முதலும் அரிசி விற்பனையும் பெரியண்ணன் கையில். தவிடு, குருணை என் பொறுப்பு. கறுப்பு அரிசியைப் பிரித்துத் தள்ளும் சார்டெக்ஸ் மெஷினையும், வெளியார் அரிசிக்குச் செய்யும் கூலி சார்டெக்ஸையும் தம்பி பார்க்கிறான். நெல் விலையையும் அரவைச் செலவையும் எங்கள் கணக்கர் எடைப்படி பிரிக்கிறார். அதில் தவிடும் குருணையும் மாதாமாதம் நஷ்டம் காட்டுகின்றன. குருணையை மாவாக்க மெஷின் போடலாமா என்று கேட்டால், "நஷ்டத்துக்கு மேல் நஷ்டமா?" என்கிறார் அண்ணன். கரண்ட், ஜெனரேட்டர், ஒர்க்‌ஷாப் செலவை அவியல், அரவை, சார்டெக்ஸ் மூன்று பிரிவுக்கும் சமமாகப் போடுகிறோம். அதனால்தான் கூலி ரேட் கட்டுப்படியாகவில்லை என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி?

பதில்: தம்பி சொல்வது சரி. அண்ணன் சொல்வது தவறு, ஆனால் பிழை அவருடையதில்லை. கணக்கர் நீட்டிய தாளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நெல்லுக்குக் கொடுத்த பணத்தை அரிசி, குருணை, தவிடு என்று பிரிப்பது ஒன்று. கரண்டையும் ஒர்க்‌ஷாப்பையும் பிரிவுகளுக்குப் பங்கிடுவது இன்னொன்று. இரண்டுக்கும் ‘பொதுச் செலவு’ என்றுதான் பெயர், ஆனால் குணம் வேறு. கரண்டை எந்தப் பிரிவு எவ்வளவு இழுத்தது என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம். ஒரு நெல்மணிக்குக் கொடுத்த விலையில் தவிட்டுக்கு எவ்வளவு என்று சொல்லும் மீட்டர் எங்கும் கிடையாது. தவிடு வேண்டாம், அரிசி மட்டும் போதும் என்று நெல் வாங்க முடியுமா?

முதலில் நெல். 100 குவிண்டால் நெல்லை எடுத்துக்கொள்வோம். ரேட்டெல்லாம் கணக்கு புரிவதற்காக நான் போட்டவை, உங்கள் ரேட்டை நிரப்பிக்கொள்ளுங்கள். நெல் 2,40,000 ரூபாய். அவியல், டிரையர், அரவை எல்லாம் சேர்த்து 11,600. ஆக 2,51,600 ரூபாய். கிடைப்பது முழு அரிசி 62 குவிண்டால், குருணை 5, தவிடு 7. சுமார் 21 குவிண்டால் உமி பாய்லருக்குப் போகிறது. மீதி தூசியும் கருக்காயும் ஈரமும்.

உங்கள் கணக்கர் செய்வது இதுதான்: 62, 5, 7 மூன்றையும் கூட்டினால் 74. 2,51,600-ஐ 74-ஆல் வகுத்தால் குவிண்டாலுக்கு 3,400. தவிடு 2,200-க்குத்தான் போகிறது, எனவே குவிண்டாலுக்கு 1,200 நஷ்டம். குருணை 2,400-க்குப் போனால் 1,000 நஷ்டம். சார்டெக்ஸ், சாக்கு, பேக்கிங் செலவு போக அரிசியில் 3,700 நிற்கிறது, அதில் 300 லாபம். மொத்தத்தில் அரிசியில் 18,600 லாபம், தவிட்டில் 8,400 நஷ்டம், குருணையில் 5,000 நஷ்டம், நிகரம் 5,200.

கூட்டல் கழித்தலில் ஒரு பிசகும் இல்லை. சொல்லும் சேதிதான் பொய். நஷ்டம் தருகிறதே என்று தவிட்டைக் குப்பையில் கொட்டிப் பாருங்கள். நெல் செலவில் ஒரு பைசா குறையாது, 15,400 ரூபாய் வரவு மட்டும் போய்விடும். 5,200 லாபம் 10,200 நஷ்டமாக மாறும். அண்ணன் நஷ்டம் என்று சொல்லும் அந்தத் தவிடுதான் ஆலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அரிசி ஆலைக்காரர்கள் பலருக்கு இது வாய்ப்பாடு மாதிரி தெரிந்த விஷயம். கணக்குத் தாளில் மட்டும் காணாமல் போய்விடுகிறது.

எடைப்படி பிரிப்பது எல்லா இடத்திலும் தவறு என்று சொல்லவில்லை. ஒரே கல்லை உடைத்து முக்கால் ஜல்லி, அரை ஜல்லி என்று பிரிக்கும் கிரஷரில், விலை பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எடை பரவாயில்லை. ஒரு கிலோ தவிட்டையும் ஒரு கிலோ அரிசியையும் ஒரே தராசில் வைத்துச் சமம் என்பதுதான் இங்கே இடிக்கிறது.

நெல்லுக்குப் பொருந்துவது விற்பனை மதிப்புப்படி பிரிக்கும் முறை. பிரியும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் என்ன மதிப்பு என்று பாருங்கள். அரிசியின் கடைசி விற்பனை விலையை அப்படியே எடுக்கக் கூடாது. பிரிந்த பிறகு அரிசிக்கென்றே ஆன சார்டெக்ஸ், சிப்பம், பேக்கிங் கூலியைக் கழித்துவிட வேண்டும். (25 கிலோ வரை பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5% ஜி.எஸ்.டி. 2022 ஜூலையில் வந்ததும் நம் பக்கம் 26 கிலோ சிப்பம் முளைத்ததே, அந்தச் சாக்குச் செலவும் அரிசியின் தலையில்தான், தவிட்டுக்கு அதில் சம்பந்தமில்லை.) அப்படிப் பார்த்தால் அரிசி 2,29,400, குருணை 12,000, தவிடு 15,400. மொத்தம் 2,56,800. இந்த விகிதத்தில் 2,51,600-ஐப் பிரித்தால் அரிசிக்கு 2,24,755, குருணைக்கு 11,757, தவிட்டுக்கு 15,088. மூன்றிலும் ரூபாய்க்கு இரண்டு பைசா லாபம் நிற்கும். ஒன்று கொழுத்து இன்னொன்று இளைத்ததாகக் காட்டாது.

இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் ஏ.எஸ்.2 கையிருப்பு மதிப்பீட்டுக்கான தரநிலை. ஒரே மூலப்பொருளிலிருந்து சேர்ந்தே கிடைக்கும் கூட்டுப் பொருள்களுக்கிடையே செலவை நியாயமான, மாறாத ஓர் அடிப்படையில் பிரிக்கச் சொல்லும் அது, உதாரணமாகக் காட்டுவதும் விற்பனை மதிப்பைத்தான். அடக்கக் கணக்காளர் நிறுவனம் கூட்டுச் செலவுக்கென்றே சி.ஏ.எஸ்.19 என்று தனித் தரநிலை வைத்திருக்கிறது. அற்ப மதிப்புள்ள உபபொருளாக இருந்தால் பங்கு போட வேண்டாம், அதன் நிகர விற்பனை மதிப்பை முக்கியப் பொருளின் செலவில் கழித்துவிடலாம் என்றும் ஏ.எஸ்.2 சொல்கிறது. தவிட்டை அப்படி உபபொருளாக வைக்கும் ஆலைகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விற்பனையில் தவிடு 6 சதவீதம்தான் என்பது உண்மை. ஆனால் மொத்த லாபமே 2 சதவீதமாக இருக்கும் தொழிலில் 6 சதவீதம் அற்பமா?

உமியை மட்டும் உபபொருளாக வையுங்கள். அதிலும் ஒரு கண் வேண்டும். உங்கள் நெல்லின் உமி உங்கள் நெல்லை அவிக்கவே எரிந்தால், வரவு வைத்துச் செலவு எழுதினாலும் ஒன்றுதான். வெளியார் நெல்லையும் கூலிக்கு அவித்துக் கொடுக்கிறீர்கள் என்றால் கதை வேறு. எரிவது உங்கள் உமி. கிலோ 4 ரூபாய் என்றாலும் 21 குவிண்டால் உமி 8,400 ரூபாய். அதற்குக் கூலியில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். கூலிக்கு வந்தவர் தன் நெல்லின் உமியை உங்களிடமே விட்டுவிட்டுப் போகிறார் என்றால் அதுவும் கூலியில் சேர்த்தி.

விற்பனை மதிப்பு முறையில் ஒரு தொல்லை உண்டு. விலை ஆடினால் பங்கும் ஆடும். தவிட்டு விலை அரிசியைப் பார்த்து நகர்வதில்லை. தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கும் சால்வெண்ட் ஆலைக்காரர் எண்ணெய்ச் சத்தைப் பார்ப்பார், எண்ணெய் எடுத்த தவிட்டுக்குத் தீவனச் சந்தை எப்படி என்று பார்ப்பார். அந்தத் தவிட்டின் ஏற்றுமதியை மத்திய அரசு 2023 ஜூலையில் தடை செய்தது போன்ற உத்தரவுகளும் குறுக்கே வரும். அதனால் அன்றன்றைய விலையைப் பிடித்துக்கொண்டு ஓடாமல் மூன்று மாதச் சராசரியை எடுங்கள். பச்சைத் தவிடு அரைத்த சில மணி நேரத்திலேயே காறத் தொடங்கும், புழுங்கல் தவிடு கொஞ்சம் தாங்கும். லாரி வராமல் கிடந்து விலை இறங்கினால் அது தவிட்டுப் பிரிவின் இழப்பு. நெல் செலவோடு கலக்காதீர்கள்.

இனி குருணை மாவு. இந்த முடிவுக்கு, மேலே போட்ட பங்குக் கணக்கு எதுவுமே வேண்டாம். மதிப்புப்படி பிரித்ததும் வேண்டாம். குருணை ஏற்கெனவே கையில் இருக்கிறது. அப்படியே விற்றால் 2,400. மாவாக்கினால் சேதாரம் 2 கிலோ போக 98 கிலோ, கிலோ 31 ரூபாய் என்றால் 3,038. கூடுதல் வரவு 638. அரைக்கும் கரண்ட், ஆள், பை எல்லாம் 350 என்றால் குவிண்டாலுக்கு 288 மிஞ்சும். நாளைக்கு 200 குவிண்டால் நெல் ஓடினால் 10 குவிண்டால் குருணை, 2,880 ரூபாய். மெஷின் கடன் தவணையும் மாவு தேங்கும் நாள்களும் இதற்குள் அடங்குமா என்பதே கேள்வி. அண்ணனிடம் போன தாளில் 3,400 அடக்கத்தோடு 350-ஐக் கூட்டி 3,750, விற்பது 3,038, நஷ்டம் 712 என்று இருந்திருக்கும். அந்த 3,400 மாவு அரைத்தாலும் போனதுதான், அரைக்காவிட்டாலும் போனதுதான். ஆபீஸ் வாடகை, மேனேஜர் சம்பளம் என்று எதையும் இதில் ஏற்ற விடாதீர்கள். மாவு மெஷினுக்காகப் புதிதாக ஒருவரை வைத்தால் அவர் சம்பளம் மட்டும் வரட்டும்.

தம்பியின் விஷயத்துக்கு வருவோம். மாதச் செலவு கரண்ட், ஜெனரேட்டருக்கு 3,76,000, ஒர்க்‌ஷாப்புக்கு 1,00,000 என்று வையுங்கள். சமமாகப் போட்டால் சார்டெக்ஸ் தலையில் 1,58,667 விழும். இப்போது உபயோகப்படி பாருங்கள். கரண்டில் அவியலுக்கு 25%, அரவைக்கு 50%, சார்டெக்ஸ், பேக்கிங்குக்கு 20%, ஒர்க்‌ஷாப்புக்கு 5%. ஒர்க்‌ஷாப் ஆட்களின் நேரத்தில் ஜெனரேட்டருக்கு 20%, அவியலுக்கு 30%, அரவைக்கு 40%, சார்டெக்ஸுக்கு 10%.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பின் உண்மைச் செலவு தெரிய கரண்ட் செலவு தெரிய வேண்டும். கரண்ட் செலவு தெரிய ஒர்க்‌ஷாப் செலவு தெரிய வேண்டும். பள்ளிக்கூட அல்ஜிப்ராவே இதை அவிழ்த்துவிடும். கரண்டின் முழுச் செலவு = 3,76,000 + ஒர்க்‌ஷாப்பில் ஐந்தில் ஒன்று. ஒர்க்‌ஷாப்பின் முழுச் செலவு = 1,00,000 + கரண்டில் இருபதில் ஒன்று. தீர்த்தால் கரண்ட் 4,00,000, ஒர்க்‌ஷாப் 1,20,000. இதைப் பங்கிட்டால் அவியலுக்கு 1,36,000, அரவைக்கு 2,48,000, சார்டெக்ஸுக்கு 92,000. கூட்டிப் பாருங்கள், அதே 4,76,000 வரும். தம்பி மேல் மாதம் 66,667 ரூபாய் அதிகமாக ஏறியிருக்கிறது. அதை வைத்துக் கூலி சொன்னால் வாடிக்கையாளர் பக்கத்து ஆலைக்குத்தானே போவார்?

நான் போட்ட சதவீதங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சில வருடம் முன்பு ஓர் ஆலையில் மோட்டார்களின் ஹெச்.பி.யைக் கூட்டிக் கரண்டைப் பிரித்திருந்தார்கள். கம்ப்ரஸர் அரவைக் கொட்டகையின் மூலையில் நின்றது, அதனால் அரவைக் கணக்கில் இருந்தது. அதன் காற்றுக் குழாய் சுவரோரமாகப் போவதைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். நேராகச் சார்டெக்ஸில் போய் முடிந்தது. கறுப்பு அரிசியை ஊதித் தள்ளும் காற்று முழுக்க அதுதான். சார்டெக்ஸ் ஓடும் நேரமெல்லாம் கம்ப்ரஸரும் ஓடும். அந்த ஆலையில் சார்டெக்ஸ் பங்கு குறைந்து தெரிந்தது, உங்கள் ஆலையில் கூடித் தெரியலாம். மோட்டார் நிற்கும் இடத்தைப் பார்க்காமல் அது யாருக்கு உழைக்கிறது என்று பாருங்கள். பிரிவுக்கு ஒரு சப்-மீட்டர் போட்டுவிட்டால் வாக்குவாதம் ஒழியும். ஹெச்.டி. (உயர் அழுத்த மின்) இணைப்பு என்றால், உச்சத் தேவையை வைத்துப் போடும் டிமாண்ட் கட்டணத்தையும் யூனிட் கட்டணத்தையும் தனித்தனியே பிரியுங்கள். யூனிட் கட்டணம் ஓடிய யூனிட்படி. டிமாண்ட் கட்டணம், உச்ச நேரத்தில் எந்தப் பிரிவு எவ்வளவு இழுக்கிறது என்பதன்படி. இல்லாவிட்டால் அரவை நின்ற மாதத்தில் மொத்த டிமாண்ட் கட்டணமும் தம்பி மேல் விழும். நெல் வரத்து இல்லாமல் பத்து நாள் மட்டும் ஓடிய மாதத்தின் நிலைச் செலவை அந்தப் பத்து நாள் அரிசி மேல் ஏற்றுவதும் இதே தவறுதான். வழக்கமான ஓட்டத்துக்குரிய பங்கை மட்டும் ஏற்றிவிட்டு, மீதியை அந்த மாத நஷ்டமாக எழுத வேண்டும்.

மூவருக்கும் பிரிவு லாபத்தை வைத்துப் பங்கு கொடுக்கும் எண்ணம் இருந்தால் நெல் விலைப் பங்கீட்டை அதற்குப் பயன்படுத்தாதீர்கள். வீட்டில் சண்டை வரும். அவரவர் கையில் இருப்பதைப் பாருங்கள். தவிட்டுக்கு நீங்கள் வாங்கிய விலை சந்தை விலையோடு ஒப்பிட்டால் எப்படி? அரவையில் குருணை எத்தனை சதவீதம்? டிரையர் சூடு ஏறியோ ரப்பர் ரோல் இடைவெளி தப்பியோ 100 குவிண்டால் நெல்லில் ஒரே ஒரு குவிண்டால் அரிசி கூடுதலாக உடைந்தால், 3,700 பெறுவது 2,400 ஆகிறது. 1,300 ரூபாய். மேலே பார்த்த 5,200 லாபத்தில் கால் பங்கு.

மார்ச் 31 கையிருப்புக்கு வரும்போது முறையை மாற்றுவதால் என்ன ஆகும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். எடைப்படி அரிசி அடக்கம் 3,400, மதிப்புப்படி 3,625. 1,000 குவிண்டால் அரிசி இருப்பில் இருந்தால் 2,25,000 ரூபாய் வித்தியாசம் அந்த வருட லாபத்தில் ஏறும், வரியிலும் தெரியும். எனவே ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லி, மாற்றத்தையும் காரணத்தையும் கணக்கின் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். ஒருமுறை மாற்றினால் அதிலேயே நில்லுங்கள், வருடத்துக்கு ஒரு முறை என்று தாவினால் வரி அதிகாரி கேள்வி கேட்பார்.

கூலி சார்டெக்ஸுக்கு என்ன ரேட் வைக்கலாம் என்று இப்போதே ஒரு எண் சொல்ல மாட்டேன். கம்ப்ரஸருக்கும் சார்டெக்ஸுக்கும் மீட்டர் போட்டு, ஒரு மாத யூனிட்டையும் எத்தனை குவிண்டால் ஓடியது என்பதையும் எழுதி அனுப்புங்கள். தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டுப் பார்ப்போம்.