‘ஐ வில் கிவ் டுமாரோ’: தருவது யார், எந்த நாளை?

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். தமிழ் வழியில் படித்தவன். டையிங், பிரிண்டிங் ஆட்கள் போனில் சொல்வதை வெளிநாட்டு பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் அனுப்புவதுதான் பாதி வேலை. ரிப்போர்ட்டட் ஸ்பீச் (ஒருவர் சொன்னதை நம் வாக்கியத்தில் எடுத்துச் சொல்வது) அட்டவணையை அன்றைக்கு மனப்பாடம் செய்தது இன்னும் நினைவிருக்கிறது, ஆனால் எழுத உட்கார்ந்தால் கைகொடுப்பதில்லை. போன வாரம் ‘தி டையர் டோல்ட் தட் ஐ வில் கிவ் டுமாரோ’ என்று எழுதினேன். எதை நீங்கள் தருகிறீர்கள், எந்தத் தேதி என்று பையர் திருப்பிக் கேட்டுவிட்டார். இதை எப்படிப் பழகுவது?

பதில்: பையர் கேட்டது நியாயம்தான். நீங்கள் எழுதியதைப் படித்தால் துணியைத் தரப்போவது டையிங்காரர் இல்லை, நீங்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துவிட்டால் அட்டவணையே பெரிதாகத் தேவைப்படாது. ‘நாளைக்குத் தர்றேன்னு சொன்னார்’ என்று தமிழில் சொல்கிறோம். டையிங்காரர் வாயில் வந்ததை அப்படியே எடுத்து, பின்னால் ஒரு ‘என்று’ போட்டு மூடிவிடுகிறோம். ‘தர்றேன்’ என்பது யார் என்று கேட்கிறவருக்குக் குழப்பமே வராது, ஏனென்றால் அந்த ‘என்று’ மேற்கோள் குறி செய்கிற வேலையைச் செய்துவிடுகிறது. ஆங்கிலத்தின் ‘தட்’ அதைச் செய்யாது. ‘தட்’டுக்குப் பிறகு வருகிற ‘ஐ’ எழுதுகிறவரைத்தான் காட்டும், ‘டுமாரோ’ எழுதுகிற நாளுக்கு அடுத்த நாளைத்தான் காட்டும். சொன்னவர் நின்ற இடத்திலிருந்து தமிழ் பேசுகிறது, எழுதுகிற உங்கள் இடத்திலிருந்து ஆங்கிலம் பேசுகிறது. நீங்கள் தமிழ் ‘என்று’வை மனதில் வைத்துக்கொண்டு ‘தட்’ எழுதுகிறீர்கள், சிக்கல் அங்கேதான்.

நல்ல செய்தி என்னவென்றால், ஆங்கிலம் கேட்கிற இந்த மாற்றத்தில் பாதி தமிழிலேயே இருக்கிறது. பள்ளியில் நேர்க்கூற்று, அயற்கூற்று என்று படித்திருப்பீர்கள். ‘தாம் மறுநாள் தருவதாகச் சொன்னார்’ என்பது அயற்கூற்று. செய்தித்தாளில் தினமும் ‘நடவடிக்கை எடுக்கப்படுவதாக அமைச்சர் கூறினார்’ என்று படிக்கிறோமே, அதேதான். இதில் ‘நான்’ போய் ‘தாம்’ வந்துவிட்டது, ‘நாளை’ போய் ‘மறுநாள்’ வந்துவிட்டது. காலம் மட்டும் மாறவில்லை. அதனால் போனை வைத்ததும் நேராக ஆங்கிலத்துக்குப் பாயாதீர்கள். ‘தர்றேன்னு சொன்னார்’ என்பதை மனதுக்குள் ஒருமுறை ‘தருவதாகச் சொன்னார்’ என்று ஆக்கிக்கொண்டு அங்கிருந்து போங்கள்: ‘ஹி செட் ஹி வுட் கிவ்’. கொஞ்ச நாள் இது சுற்றுவழியாகத் தெரியும், பரவாயில்லை, இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான் ‘ஐ’ வந்து நிற்கிறது.

மிச்சம் இருப்பது காலம். ‘செட்’, ‘டோல்ட்’ என்று இறந்தகாலத்தில் தொடங்கினால் உள்ளே இருக்கிற வினையும் ஒரு படி பின்னால் போகும். ‘இஸ்’ என்பது ‘வாஸ்’, ‘ஹேஸ்’ என்பது ‘ஹேட்’, ‘வில்’ என்பது ‘வுட்’, ‘கேன்’ என்பது ‘குட்’. ஏற்கெனவே ‘வுட்’, ‘குட்’, ‘ஷுட்’, ‘மைட்’ என்று சொல்லியிருந்தால் தொட வேண்டாம், அப்படியே இருக்கும். ‘மஸ்ட்’ பெரும்பாலும் ‘ஹேட் டு’ ஆகும். சாதாரண இறந்தகாலத்தை ‘ஹேட்’ போட்டு இன்னும் பின்னால் தள்ளச் சொல்லித் தேர்வில் கேட்பார்கள், வேலையில் அது அவ்வளவு கட்டாயம் இல்லை. ‘ஹி செட் தி மெஷின் ப்ரோக் டவுன் ஆன் மண்டே’ என்றால் கிழமை இருக்கிறது, யாருக்கும் குழப்பம் இல்லை, அப்படியே விடலாம்.

இந்தக் காலமாற்றத்தில் பள்ளியில் அதிகம் சொல்லித்தராத விஷயம் ஒன்று உண்டு, உங்கள் வேலைக்கு அதுதான் முக்கியம். ‘ஹி செட் தி ஃபேப்ரிக் வாஸ் ரெடி’ என்று எழுதினால், தயார் என்று அவர் சொன்னார், அவ்வளவுதான், இப்போது நிலவரம் என்ன என்பதற்கு நான் பொறுப்பில்லை என்கிற தொனி அதில் வரும். ‘ஹி செட் தி ஃபேப்ரிக் இஸ் ரெடி’ என்பதும் சரியான ஆங்கிலமே, அதில் துணி இப்போதும் தயாராகத்தான் இருக்கிறது என்று நீங்களும் நம்புகிற சாயல் இருக்கும். சொன்னது இன்னும் உண்மையாக இருந்தால் நிகழ்காலத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்பதுதான் விதி. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்கிற உதாரணத்தோடு பாடப்புத்தகம் நிறுத்திவிடுவதால் அறிவியல் உண்மைக்கு மட்டும்தான் இந்தச் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. துணிக்கும் உண்டு. லேப் டிப்பை, அதாவது நிறம் பார்க்கச் சாயமேற்றிய சிறு துணி மாதிரியை, அனுப்பிவிட்டதாக டையிங்காரர் சொல்கிறார், நீங்கள் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை என்றால் ‘ஹி செட் ஹி ஹேட் சென்ட் இட்’ என்று எழுதுங்கள், தள்ளி நின்ற மாதிரி இருக்கும். கூரியர் ரசீது கைக்கு வந்துவிட்டால் அவர் சொன்னது எதற்கு, ‘இட் வாஸ் சென்ட் ஆன் மண்டே’ என்று நீங்களே எழுதிவிடலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்குப் பிடித்தது இதுதான். இன்றைக்குப் பேசியதை இன்றைக்கே எழுதுகிறீர்கள் என்றால் ‘செட்’டையே விட்டுவிட்டு ‘செஸ்’ போடுங்கள். ‘தி டையர் செஸ் ஹி வில் டெலிவர் ஆன் தர்ஸ்டே.’ முன்னால் நிகழ்காலம் இருப்பதால் உள்ளே காலம் நகர வேண்டியதில்லை, ஆளை மட்டும் மாற்றினால் போதும். அல்லது சொன்னதைச் சொல்லாமல், அவர் செய்த காரியத்தின் பெயரைப் போடுங்கள்: ‘தி டையர் ஹேஸ் ப்ராமிஸ்ட் டு டெலிவர் பை தர்ஸ்டே.’ வாக்குக் கொடுத்திருக்கிறார், முடிந்தது. இதில் ‘தட்’டும் கிடையாது, ‘ஐ’யும் கிடையாது, தப்பு நுழைய இடமே இல்லை. ஒப்புக்கொண்டால் ‘அக்ரீட் டு’, மறுத்தால் ‘ரெஃப்யூஸ்ட் டு’. இந்த மூன்றை வைத்தே சப்ளையர்கள் சொல்வதில் பெரும்பகுதியை எழுதிவிடலாம். ‘சஜெஸ்ட்’ மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. ‘ஹி சஜெஸ்டட் மீ டு சேஞ்ச் தி ஷேட்’ என்று நம் பக்கம் எல்லோரும் எழுதுகிறார்கள், அது தவறு. ‘ஹி சஜெஸ்டட் சேஞ்சிங் தி ஷேட்’ என்பதுதான் சரி.

‘டுமாரோ’வுக்கு வருவோம். ‘டுமாரோ’வைக் கண்டால் ‘தி நெக்ஸ்ட் டே’ என்று மாற்று என அட்டவணை சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு அப்படிச் செய்ய வேண்டியதில்லை. காலையில் அவர் ‘நாளை’ என்றார், அன்று மாலையே நீங்கள் எழுதுகிறீர்கள் என்றால் ‘டுமாரோ’ சரிதான், இரண்டு பேருக்கும் அதே நாள். ஆனால் உங்கள் மாலை மெயிலை பையர் திறப்பது மறுநாளாக இருக்கலாம், அவர் ஊர் நேரம் வேறு. இலக்கணப்படி சரியாக இருந்தும் குழப்பம் வரும் இடம் இது. மெயிலில் கிழமையும் தேதியும்தான் போட வேண்டும், ‘டுமாரோ’, ‘நெக்ஸ்ட் வீக்’ எதுவும் வேண்டாம்.

‘டோல்ட்’ பற்றி ஒரு வரி. ‘டோல்ட்’ வந்தால் யாரிடம் என்று உடனே வந்தாக வேண்டும்: ‘டோல்ட் மீ’, ‘டோல்ட் அஸ்’. யாரிடம் என்று சொல்ல விருப்பமில்லை என்றால் ‘செட்’. ‘ஹி டோல்ட் தட்’ என்று எழுதவே கூடாது.

கேள்விகளில் தடுக்குவது சொல் வரிசையில். பையர் உங்களிடம் ‘வேர் இஸ் தி சாம்பிள்?’ என்று கேட்டார், அதை உங்கள் மேனேஜருக்கு எழுதுகிறீர்கள். ‘ஹி ஆஸ்க்ட் மீ வேர் இஸ் தி சாம்பிள்’ என்று எழுதினால் கேள்வியை அப்படியே பெயர்த்து வைத்த மாதிரி. உள்ளே போனதும் அது கேள்வி இல்லை, சாதாரண வாக்கியம்: ‘வேர் தி சாம்பிள் வாஸ்’. ‘டு’, ‘டிட்’ எல்லாம் காணாமல் போகும், கேள்விக்குறியும் போகும். ஆமா, இல்லை என்று பதில் வருகிற கேள்வியாக இருந்தால் நடுவில் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ போடுங்கள், ‘தட்’ போடாதீர்கள். ‘ஹி ஆஸ்க்ட் மீ இஃப் வீ ஹேட் ஷிப்ட் தி சாம்பிள்.’ தமிழிலும் ‘அனுப்பிவிட்டோமா என்று கேட்டார்’ என்றுதானே கேட்கிறோம், அந்த ‘ஆ’ செய்வதைத்தான் ‘இஃப்’ செய்கிறது. கட்டளைகள் சுலபம்: ‘டோல்ட் மீ டு வெயிட்’, வேண்டாம் என்றால் ‘டோல்ட் மீ நாட் டு வெயிட்’.

பழகுவதற்குப் பயிற்சிப் புத்தகம் வாங்க வேண்டாம், அதில் வருகிற ராமுவும் சீதாவும் உங்கள் ஷிப்மென்ட்டைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஒவ்வொரு நாளும் முடிவில் அன்று வந்த போன்களில் ரெண்டு மூன்றை எடுத்து, முதலில் அவர்கள் பேசியபடியே தமிழில், அப்புறம் ‘தருவதாக’ வடிவத்தில், அப்புறம் ஆங்கிலத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும் ‘ஐ’, ‘வீ’, ‘மை’ வருகிற இடத்தில் எல்லாம் விரல் வைத்து, இது நான்தானா என்று கேளுங்கள். வேறு எதையும் சரிபார்க்க நேரம் இல்லை என்றாலும் இதை விடாதீர்கள்.

ஷேட் மாறியது எங்கள் தவறில்லை, தாமதத்துக்கு டிஸ்கவுண்ட் தரமாட்டோம் என்பது போலப் பணம் சம்பந்தப்பட்டதை டையிங்காரர் சொன்னால் மட்டும் அதை உங்கள் ஆங்கிலத்தில் மாற்றி எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அனுப்பச் சொல்லி, அவர் எழுதியதை மேற்கோள் குறிக்குள் ஒரு எழுத்துகூட மாற்றாமல் வையுங்கள், தமிழில் இருந்தால் அதன் கீழே ஆங்கிலத்தைத் தனியாகக் கொடுங்கள்.