28 நாளில் பிரித்த குட்டிகளுக்குக் கழிச்சல்

நண்பரே, 28 நாளில் தாயிடமிருந்து பிரித்த பன்றிக்குட்டிகள் நாலாம் நாளே தண்ணீராகக் கழிகின்றன, அரிசித் தவிட்டைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நம்ம வேலூர் வெயிலில் அது சீக்கிரமே காறல் வாடை அடிக்கும்.

பால் நின்றதும் குடலுறிஞ்சிகள், அதாவது சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்முனைகள், குட்டையாகிவிடும். செரிக்காத புரதம் பெருங்குடலில் அழுகி அழற்சியைக் கிளப்பும். அதனால் புரதம் மிகுந்த பிண்ணாக்கைக் கொஞ்சம் குறையுங்கள். காட்பாடிப் பக்கம் என் கொட்டகையில் 100 கிலோ குட்டித் தீவனத்துக்கு 4 கிலோ கோதுமைத் தவிடு, அவ்வளவுதான். கொரகொரப்பாகவே இருக்கட்டும், மாவாக அரைக்காதீர்கள். தவிட்டின் நார் குடலில் புளித்து உண்டாகும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் சுவருக்குத் தீனி.

ஆனால் கண் குழிந்து, வாலடி நனைந்து சுருண்டு கிடக்கும் குட்டிக்குத் தவிடு மருந்தல்ல. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள், காய்ந்த சாக்கு விரியுங்கள், அப்புறம் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கழிச்சலில் ரத்தம் தெரிந்தால் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டாம்.