பிடுங்கிவிடாதீர்கள், கம்பி நகரவில்லை

கேள்வி: தீபாவளி லீவில் நானும் மகளும் மொட்டைமாடியில் நிழல் கடிகாரம் செய்தோம். கம்பியைத் துருவ நட்சத்திரம் நோக்கிச் சாய்த்து நட்டு, கைக்கடிகாரம் பார்த்து மணிக்கு மணி கோடு போட்டோம். நவம்பர் முதல் வாரம் முழுக்கச் சரியாக இருந்தது. இப்போது பிப்ரவரியில் அரை மணி பின்தங்குகிறது. பிடுங்கி மறுபடி நடலாமா?
— வாசகி, மதுரை

பதில்: வேண்டாம்மா. கம்பி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பிந்தி வருவது சூரியன்.

நம் கடிகாரங்கள் 82.5 டிகிரி தீர்க்கரேகைப்படி ஓடுகின்றன. மதுரை அதற்கு மேற்கே இருப்பதால் இங்கே உச்சிப்பொழுது சராசரியாக 12.17க்கு. நவம்பர் 3 வாக்கில் சூரியன் 16 நிமிடம் முந்தி, 12.01க்கே உச்சிக்கு வந்துவிடும். பிப்ரவரி 11 வாக்கில் 14 நிமிடம் பிந்தி 12.31 ஆகிவிடும். அந்த அரை மணிதான் உங்கள் மாடியில் தெரிகிறது.

பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பது ஒரு காரணம். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகே வந்து வேகமாக ஓடுவது இன்னொன்று. இரண்டும் சேரும் டிசம்பர் கடைசியில் ஓர் உச்சிப்பொழுதிலிருந்து அடுத்ததற்கு 24 மணி 30 விநாடி ஆகிறது. தினமும் விநாடிகளாகச் சேர்ந்து நூறு நாளில் அரை மணி!

இயற்பியல் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், மதுரையில் என் வீட்டு மாடியில் ஆறடிக் குழாயைச் செங்குத்தாக நட்டேன். தினமும் சரியாக 12.17க்கு நிழல் நுனியில் ஒரு பெயின்ட் புள்ளி. ஐப்பசி மழையில் பல நாள் விட்டுப்போனது. ஆனாலும் வருட முடிவில் தரையில் ஒரு 8 கிடந்தது. வடக்கே கிட்டத்தட்ட நான்கடி நீளும் பெரிய வளையம். தெற்கே ஒன்றரை அடிகூட இல்லாத சின்ன வளையம்; ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால் வந்தது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் குழாயின் அடியிலிருந்து ஓர் அங்குலம்தான்! சூரியன் பூமத்திய ரேகைக்கு 9 டிகிரி வடக்கே இருக்கும்போது அந்தப் புள்ளி விழும். மதுரையின் அட்சரேகை ஏறக்குறைய 10. டெல்லியில் இதே குழாய்க்கு அது இரண்டடி தள்ளிப் போய்விடும். அன்று குழாயடியில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, உங்கள் கோடுகள் நவம்பர் கணக்கு. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, எத்தனை நிமிடம் கூட்ட வேண்டும் என்று மகளையே ஓர் அட்டையில் எழுதச் சொல்லுங்கள்: பிப்ரவரி நடுவில் 30, ஏப்ரல் நடுவில் 16, மே நடுவில் 13, ஜூலை கடைசியில் 23. மற்ற நாள்களுக்கு அவளே பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும்.