மார்பகத்தில் எது இயல்பு, எதைக் காட்ட வேண்டும்? – கேள்வி பதில்

மார்பக சிகிச்சைப் பிரிவில் 24 வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். கண்ணுக்கும் கைக்கும் தெரிவதைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். மாத்திரை அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழைத்துளி: சிஸ்டர், எனக்கு 26 வயது. இடது பக்கம் வலதை விடப் பெரிதாக இருக்கிறது. நோயா?

இல்லை. இரண்டும் அச்சாக ஒரே அளவில் இருப்பவர்கள்தான் குறைவு. பலருக்கு இடதுதான் கொஞ்சம் பெரிது. வயதுக்கு வந்த காலத்திலிருந்தே இப்படி என்றால் அது உங்கள் உடல்வாகு. சமீபத்தில் ஒரு பக்கம் மட்டும் பெருத்தாலோ சுருங்கினாலோ காட்டுங்கள். எந்தக் கேள்விக்கும் நான் முதலில் கேட்பது இதுதான்: நெடுநாளாக இருப்பதா, புதிதாக வந்ததா?

ஒரு அம்மா: மகளுக்கு 9 வயது. ஒரு பக்கம் மட்டும் காம்புக்கு அடியில் கட்டி. தொட்டால் வலிக்கிறது என்கிறாள். இரண்டு நாளாக எனக்குத் தூக்கமே இல்லை.

சட்டைப் பொத்தான் அளவில், காம்புக்கு நேர் கீழே, வட்டமாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கிறதா? அப்படியென்றால் அது மார்பு வளரத் தொடங்கும் மொட்டு. 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் வரும். ஒரு பக்கம் முதலில் வந்து, மறுபக்கம் வரச் சில மாதங்கள் ஆவது சகஜம். சட்டை உரசினாலே வலிக்கும்.

ஒரு அம்மா இதே மாதிரி மகளை அழைத்து வந்து, "கட்டியை எடுத்துவிடுங்கள்" என்று அழுதார். அந்தப் பிள்ளை கட்டில் விளிம்பை இறுகப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, எடுக்கவே கூடாது என்றார். அந்த மொட்டை வெட்டினால் அந்தப் பக்கம் மார்பு வளராமலே போகலாம். ஊசி குத்திச் சோதிப்பதற்கும் அவசரப்பட மாட்டார்கள். 8 வயதுக்கு முன்பே வந்தால், அல்லது தோல் சிவந்து காய்ச்சலும் இருந்தால் குழந்தை டாக்டரிடம் போங்கள். மற்றபடி தினமும் அழுத்திப் பார்க்காதீர்கள். மகளிடம், "இது வளர்ச்சி, பயப்படாதே" என்று இன்றைக்கே சொல்லுங்கள். உங்களை விட அவள்தான் அதிகம் பயந்திருப்பாள்.

நிலா: காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் சின்னச் சின்னப் புடைப்புகள். பிதுக்கினால் வெள்ளையாக வருகிறது.

பிதுக்காதீர்கள். அவை எண்ணெய்ப் பசை சுரக்கும் சுரப்பிகள், எல்லோருக்கும் உண்டு. 1837-இல் விவரித்து எழுதிய மருத்துவரின் பெயரால் மான்ட்கோமெரி சுரப்பிகள் என்பார்கள். கர்ப்ப காலத்தில் இன்னும் துருத்தித் தெரியும். பிதுக்கினால் சீழ் வைக்கும்.

தேன்மொழி: பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்பு இரண்டு பக்கமும் முடிச்சு முடிச்சாகிறது, வலிக்கிறது. அப்புறம் சரியாகிவிடுகிறது.

மாதச் சுழற்சியோடு வந்து போவது ஹார்மோனின் வேலை. மார்பின் மேற்புறத்தில் அக்குளை ஒட்டிய பகுதியில்தான் சுரப்புத் திசு அதிகம். அங்கே மணல் மூட்டையைத் தொட்ட மாதிரி நெருநெருவென்று இருக்கும். அடிவிளிம்பில் மேடாக ஒரு வரம்பும் பலருக்குத் தட்டுப்படும். இரண்டும் இயல்பு. தொட்டுப் பார்க்க நல்ல நேரம், பீரியட்ஸ் தொடங்கி 7 முதல் 10 நாள் கழித்து. அப்போதும் ஓர் இடம் மட்டும் தனித்துக் கெட்டியாக இருந்தால் காட்டுங்கள்.

வாசகி: சுயபரிசோதனையால் பயனில்லை என்று ஆராய்ச்சியே சொல்லிவிட்டது. நீங்கள் ஏன் இன்னும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறீர்கள்?

நல்ல கேள்வி. ஷாங்காயில் சுமார் 2,66,000 பெண் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு அது. 2002-இல் முடிவு வந்தது. முறையாகக் கற்றுக்கொடுக்கப்பட்டவர்களிலும் கற்றுக்கொடுக்கப்படாதவர்களிலும் புற்றுநோய் மரணங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. கற்றவர்களுக்கு ஆபத்தில்லாத கட்டிகளிலிருந்து திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான் கூடியது. அதனால்தான் தேதி குறித்து, கடிகாரச் சுற்றில் விரலை நகர்த்தும் பாடத்தைப் பலர் கைவிட்டார்கள். உங்கள் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்திருப்பது வேறு. அதை யாரும் தப்பென்று சொல்லவில்லை.

கயல்: குளிக்கும்போது கை பட்டுத்தான் என் கட்டியைக் கண்டுபிடித்தேன். ஆய்வை நம்பியிருந்தால் இன்று நான் இல்லை!

கயல், நான் சொல்வதற்கு நீங்களே சாட்சி. நீங்கள் அட்டவணை போட்டுத் தேடவில்லை. சோப்புப் போட்ட கைக்கு நேற்று இல்லாத ஒன்று தட்டுப்பட்டது, உடனே போனீர்கள். பழகிய கை அது.

வாசகி: அப்படியானால் மேமோகிராம் எதற்கு?

அது மார்பை எடுக்கும் எக்ஸ்ரே படம். கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே காட்டுவதற்கு. 40 வயதுக்கு மேல் எப்போது, எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்பதை டாக்டரோடு முடிவு செய்யுங்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இளம் வயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் இன்னும் சீக்கிரம் கேளுங்கள். ஆனால் ஒன்று: போன மாதம் மேமோகிராம் சரியாக இருந்தது என்பதற்காக இந்த மாதம் வந்த கட்டியை விட்டுவிடாதீர்கள். கயலும் வாசகியும் இதோடு விடுங்கள், இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

சுடர்: மேமோகிராம் ரிப்போர்ட்டில் "டென்ஸ்" என்று போட்டிருக்கிறது. கையால் தொட்டால் மெத்தென்றுதான் இருக்கிறது.

டென்ஸ் என்றால் திசு அடர்த்தி. அது கைக்குத் தெரியாது, படத்தில்தான் தெரியும். நோயும் இல்லை, பாதிப் பெண்களுக்கு அப்படித்தான். ஆனால் அடர்ந்த திசு படத்தில் வெள்ளையாக விழும், கட்டியும் வெள்ளையாகத்தான் விழும். அதனால் ஒன்று மற்றதை மறைக்கலாம். அடர்த்தி அதிகமானால் புற்றுநோய் வாய்ப்பும் கொஞ்சம் கூடுகிறது. கூடவே ஸ்கேன் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அல்லி: ஒரு பக்கம் சின்னதாக இருக்கிறது, பயமாக இருக்கிறது.

மழைத்துளிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பூங்கொடி: மாதவிடாய்க்கு முன் வலி, புற்றுநோயா?

தேன்மொழிக்கு எழுதியிருக்கிறேனே அம்மா. கட்டி இல்லாமல் வலி மட்டும் இருந்தால் புற்றுநோயாக இருப்பது அபூர்வம்.

முகில்: இறுக்கமான பிரா போட்டால் புற்றுநோய் வருமா?

வராது.

செம்பருத்தி: காம்பை அழுத்தினால் ஈரம் வருகிறது.

அழுத்தாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது! அழுத்த அழுத்தச் சுரக்கும். அழுத்தாமலே, ஒரு பக்கத்தில், ஒரே துளையிலிருந்து ரத்தமாகவோ தண்ணீர் போலவோ கசிந்தால் போய்க் காட்டுங்கள்.

அன்பு: மனைவிக்கு ஊசி வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஊசி பட்டால் பரவும் என்கிறார்களே?

ஊசி பட்டுப் புற்றுநோய் பரவும் என்று பயப்படத் தேவையில்லை. தொட்டுப் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசியால் திசு எடுப்பது, மூன்றும் சேர்ந்தால்தான் கட்டி இன்னதென்று உறுதியாகும். இந்தப் பயத்தில் ஆறு மாதம் தள்ளிப்போட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூடப் போங்கள் தம்பி, அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

யாழ்: வலது காம்பில் மட்டும் அரிப்பு, தோல் உரிகிறது. மூன்று மாதமாக க்ரீம் போடுகிறேன், ஆறவில்லை. கட்டி இல்லை, அதனால் விட்டுவிட்டேன்.

விடாதீர்கள். இரண்டு பக்கமும் என்றால் பெரும்பாலும் சாதாரண தோல் அலர்ஜிதான். ஒரு காம்பில் மட்டும் தொடங்கி மருந்துக்கு ஆறாதது பேஜெட் நோயாக இருக்கலாம். கட்டி தட்டுப்படாமலேயே உள்ளே புற்றுநோய் இருப்பதன் அடையாளம் அது. வெறும் தோல் நோயாகவும் இருக்கலாம், ஆனால் துளி திசு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நாளைக்கே போங்கள். போட்ட க்ரீமையும் கையோடு கொண்டுபோய், மூன்று மாதம் போட்டும் ஆறவில்லை என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.