மீன் எலும்பை அளப்பது எப்படி? கேள்வி பதில்

காவிரிப் படுகை மீன்களின் எலும்புகளைச் சேர்த்து, அளந்து, மண்ணுக்குள் கிடைக்கும் பழைய எலும்புகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

திருவாரூர் மாணவி: சார், ஒப்பிட்டுப் பார்க்க சொந்தமாக எலும்புகள் சேர்க்க வேண்டும். எப்படித் தொடங்குவது?

சந்தையில் தொடங்குங்கள் அம்மா. தலை வெட்டாத முழு மீனாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அளப்பது. மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் அடி வரை ஒரு நீளம், வால் நுனி வரை இன்னொரு நீளம், எடை, ஒரு படம், வாங்கிய இடம், தேதி. சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை தண்ணீரில் கரைந்துவிடும். அளக்காமல் சட்டியில் போட்ட மீன் ஆய்வுக்கு உதவாது. எலும்பு கையில் இருக்கும், அது எவ்வளவு பெரிய மீனுடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் தலைக்குள் காதுப் பகுதியில் இருக்கும் சிறு கல்லான செவிக்கல்லை எடுத்துவிட்டு, தலையைத் தனியாகக் கொசுவலைத் துணியில் முடிந்து வெந்நீரில் போடுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் மெல்லிய எலும்புகள் நெளிந்துவிடும். கை பொறுக்காத சூடு போதும். சதை தானாகக் கழன்று வரும். பழைய டூத் பிரஷால் தேய்த்து நிழலில் உலர்த்தி, இடது வலது எலும்புகளைத் தனித்தனியே வையுங்கள்.

கும்பகோணம்: எந்த எலும்பை அளந்தால் மீனின் நீளம் தெரியும்?

மீனைப் பொறுத்தது. விராலுக்குக் கீழ்த்தாடை. கெட்டியான எலும்பு, மண்ணில் நன்றாகத் தாங்கும். கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்களுக்குத் தாடையில் பல்லே கிடையாது; தொண்டைக்குள் இருக்கும் பல் எலும்பைத் தேடுங்கள். கெளுத்திக்கு மார்புத் துடுப்பு முள். முள்ளெலும்பு (முதுகுத்தண்டின் கண்ணிகள்) எல்லா மீனிலும் கிடைக்கும், ஆனால் வயிற்றுப் பக்கத்து முள்ளெலும்பை வால் பக்கத்ததோடு ஒப்பிடாதீர்கள். ஒரே மீனுக்குள்ளேயே அளவு மாறும்.

காலிப்பர் என்ற அளவுக் கருவி 0.01 மி.மீ. வரை காட்டுகிறதே என்று அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அதன் நுனியை எலும்பில் எங்கே வைத்தோம் என்பதில்தான் தவறு நுழைகிறது. எலும்பைப் படம் வரைந்து, இங்கிருந்து இதுவரை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து, பழைய எண்ணைப் பார்க்காமல் அதே எலும்பை மறுபடி அளந்து பாருங்கள். எலும்பு இரண்டு மடங்கு என்றால் மீனும் இரண்டு மடங்கு என்றும் கணக்குப் போடக் கூடாது. வளர வளர விகிதம் மாறும். அதனால்தான் சிறிசு முதல் பெரிசு வரை மீன் வாங்கி, எலும்பின் அளவு, மீனின் நீளம் இரண்டையும் மடக்கையாக (லாகரிதம்) மாற்றி வரைபடத்தில் கோடு போடுகிறோம்.

மன்னார்குடி: ஃபார்மலினில் வைத்த பழைய மீன்கள் உதவுமா?

உதவாது. ஃபார்மலின் நாளாக ஆக அமிலமாகி எலும்பின் சுண்ணாம்பைக் கரைக்கும். செவிக்கல் முதலில் போய்விடும்.

பாபநாசம்: எங்கள் குட்டையில் மீன் செத்து மிதக்கிறது. என்ன காரணம்?

இது என் துறை இல்லை. நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்திலோ மீன்வளத் துறை அலுவலகத்திலோ இன்றைக்கே கேளுங்கள். செத்த மீனோடு குட்டைத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டு போங்கள்.

சீர்காழி: ஐயா, அஸ்திவாரம் தோண்டும்போது ஐந்தடி ஆழத்தில் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளும் கலையாத ஒரு மீன் எலும்புக்கூடும் கிடைத்தன. படம் அனுப்பியிருக்கிறேன். சங்க காலமா?

தொண்டை எலும்பு முக்கோணமாக, இரு பாதியும் ஒட்டி ஒன்றாக இருக்கிறது. இது ஜிலேபி மீன் (திலாப்பியா). இந்தியாவுக்கு ஜிலேபி வந்ததே 1952-இல்தான். ஓடு பழசாக இருக்கலாம், மீன் பழசில்லை.

முத்துப்பேட்டை: அவசரப்படாதீர்கள் சார். கேரளத்தில் கரிமீன் என்கிறார்களே, அதற்கும் இதே முக்கோண எலும்புதானே? அது நம் உப்பங்கழிகளின் சொந்த மீன்.

சரியான கேள்வி. படத்தைப் பார்த்த வேகத்தில் சொல்லிவிட்டேன். இரண்டும் ஒரே குடும்பம். சீர்காழி நண்பரே, வாலுக்கு முன்னால் அடிப்பக்கம் உள்ள குதத் துடுப்பின் முட்களை எண்ணுங்கள். ஜிலேபிக்கு 3, அபூர்வமாக 4. கரிமீனுக்கு 12 அல்லது 13. கூடு கலையாததால் எண்ண முடியும். உதிரி முள்ளாக இருந்தால் இந்த வழி கிடையாது.

மயிலாடுதுறை: ஜிலேபி ஐந்தடி ஆழத்துக்கு எப்படிப் போகும்? நம்பும்படி இல்லையே.

நம் மண்ணில் போகும். வயல் நண்டு வளை, எலி வளை, கோடையில் களிமண் விடும் வெடிப்பு, எல்லா வழியிலும் உதிரி எலும்பு கீழே இறங்கும். ஆனால் முழுக் கூடு அப்படி இறங்காது. யாராவது குழி வெட்டிப் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய கிணறு ஏதாவது தூர்ந்திருக்க வேண்டும். குழியின் சுவரைப் பாருங்கள், நிரப்பிய மண் நிறம் மாறித் தெரியும்.

வேளாங்கண்ணி: எலும்பு வெள்ளையாக வர ப்ளீச்சிங் பவுடர் போடலாமா?

கூடாது. எலும்பு பொடிந்துபோகும்.

தரங்கம்பாடி: பழைய குப்பைமேட்டில் பெரிய மீன் எலும்பு மட்டுமே வருகிறது. அந்தக் காலத்தில் சின்ன மீன் சாப்பிடவில்லையா?

எந்தச் சல்லடையில் சலித்தீர்கள்? கையால் பொறுக்கினால் பெரிய எலும்புதான் கண்ணில் படும். களிமண் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, 2 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் அலசுங்கள். அயிரையின் முள்ளெலும்பு அதையும் தாண்டி ஓடும். அதற்கு இன்னும் நெருக்கமான வலை வேண்டும். சலிக்காமல் சின்ன மீன் இல்லை என்று எழுதாதீர்கள்.

திருத்துறைப்பூண்டி: மீனைக் கொதிக்க வைக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

நன்னிலம்: படத்தில் உள்ளது என்ன மீன், எவ்வளவு நீளம்?

பக்கத்தில் ஸ்கேல் இல்லாத படம் இன்றைக்கு இது நான்காவது. ஸ்கேல் வைத்து எடுத்து அனுப்புங்கள்.

சீர்காழி: எண்ணிவிட்டேன் ஐயா. மூன்று. குழியின் ஒரு பக்கச் சுவரில் கறுத்த மண் மேலிருந்து கீழ் வரை பட்டையாக இறங்குகிறது.

அப்படியானால் ஜிலேபிதான், பின்னால் வெட்டிய குழிக்குள் வந்தது. ஓடுகள் வேறு விஷயம். தோண்டுவதை நிறுத்திவிட்டு, ஆழத்தைக் குறித்து, தாசில்தாரிடம் தகவல் சொல்லுங்கள். கூட்டையும் தூக்கி எறிய வேண்டாம். எடுப்பதற்கு முன், கிடக்கிறபடியே மூக்கு நுனியிலிருந்து வால் அடி வரை அளந்து பென்சிலால் எழுதிவையுங்கள்.