மே மாதம் சிம்லா போக ஸ்வெட்டர் வேண்டுமா?

கேள்வி இதுதான்: "மே முதல் வாரம் அப்பா அம்மாவுடன் டெல்லி வந்து, அங்கிருந்து சிம்லா, மணாலி போகிறோம். டெல்லியில் வெயில் 40 டிகிரி என்கிறார்கள். அதே வாரம் மழை, ஆலங்கட்டி எச்சரிக்கை என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது? ஸ்வெட்டர் வேண்டுமா?"

வேண்டும். எச்சரிக்கை இரண்டையும் நம்புங்கள். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான், அவசரம் உள்ளவர்கள் இத்துடன் போய்விடலாம். எனக்கு 2023 மே மாதம் ஞாபகம் வந்துவிட்டதால் நான் இப்போதைக்கு நிறுத்துவதாக இல்லை.

நான் வானிலை படித்தவள் அல்ல. இருபத்தாறு வருடமாக டெல்லியில் இருக்கும் ஒரு கணக்கு டீச்சர். "மயூர் விஹாரில் உட்கார்ந்துகொண்டு இமயமலையைப் பற்றிப் பேச வந்துவிட்டீர்களா?" என்று கீழே யாராவது கேட்பார்கள், அதனால் முன்பே சொல்லி வைக்கிறேன். இங்கே மே மாதத்தில் மொட்டை மாடியில் வடாம் போடுகிறவள் மலைப் பக்கத்துச் செய்தியையும் பார்த்துத்தான் ஆகவேண்டும். அங்கே ஆலங்கட்டி விழுவதற்கும் இங்கே புழுதி அடிப்பதற்கும் பல நேரம் காரணம் ஒன்றுதான்.

மேற்கத்திய இடையூறு என்று அதற்குப் பெயர். இந்திச் செய்தியில் 'பஸ்சிமி விக்ஷோப்' என்பார்கள். மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக உயரத்துக் காற்றோடு வரும். மார்கழி, தை மாதங்களில் மலைக்குப் பனியையும் பஞ்சாப் கோதுமைக்கு மழையையும் கொண்டுவருவது இதுதான். வெயில் காலம் வந்ததும் வடக்கே ஒதுங்கிவிட வேண்டும். சில வருடங்களில் ஒதுங்காமல் மே மாதத்திலும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மலையில் மோதினால் மழை, ஆலங்கட்டி, இன்னும் மேலே ரோஹ்தாங் கணவாய்ப் பக்கம் பனி. சமவெளியில் காய்ந்து கிடக்கிற தரைக்கு மேல் வந்து சேர்ந்தால் மத்தியானத்துக்கு மேல் இடிமேகம் எழும்பும். துளி தரைக்கு வருவதற்குள் பாதி ஆவியாகிவிடும். அதில் குளிர்ந்த காற்று தொப்பென்று கீழே இறங்கி, நாலா பக்கமும் புழுதியை வாரிக்கொண்டு ஓடும். இங்கே அதை ஆந்தி என்பார்கள்.

ஆந்தியோடு எனக்குச் சொந்தப் பகை ஒன்று உண்டு. 2022 மே 30. பள்ளி விடுமுறை. இரண்டு கிலோ அரிசிக்குக் கூழ் கிண்டி, பழைய வேட்டியை விரித்துப் பிழிந்துவிட்டு இறங்கி வந்தேன். நாலு மணி சுமாருக்கு மேற்கே வானம் மஞ்சளாகி, அப்புறம் செங்கல் நிறமானது. மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் அன்று காற்று மணிக்கு 100 கிலோமீட்டர். ஜாமா மசூதியின் குவிமாடக் கலசமே உடைந்து விழுந்தது என்றால் என் வடாம் எம்மாத்திரம்? வேட்டி பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் காற்றில் யார் வீட்டுத் தகரமோ பறந்து ஒரு கார் மேல் விழுந்ததால், எங்கள் குடியிருப்பில் மாடிக்குப் பூட்டுப் போட்டார்கள். சாவி செயலாளர் வீட்டில். கேட்டால் "எதற்கு?" என்பார். வடாம் என்று சொன்னால் ஏதோ குழந்தை கேட்டதுபோலச் சிரிப்பார். ஆனால் ஜூன் மாதம் முழுக்க அவர் வீட்டு மாங்காய் ஊறுகாய் ஜாடிகள் மட்டும் அதே மாடியில் வெயில் காயும். ஊறுகாய் பறக்காதாம். கேள்விக்கு இது சம்பந்தமில்லை, தெரியும். வேறு எங்கே போய்ச் சொல்வது?

சரி, 2023. மன்னார்குடியிலிருந்து என் மாமியாரும், கணவரின் அண்ணனும், அவர் மனைவியும் ஏப்ரல் கடைசியில் வந்தார்கள். நாங்கள் பெரியத்தான் என்று கூப்பிடும் அந்த அண்ணன், வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கோட்கட் போகவேண்டும். சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916-இல் அமெரிக்க ஆப்பிள் ரகத்தை நட்ட ஊர் அது. இமாச்சலத்தின் ஆப்பிள் வியாபாரம் அங்கிருந்து பெருகியதுதான். நியாயமான ஆசை, குறை சொல்ல மாட்டேன்.

நான் பெட்டியில் கம்பளியை வைக்கும்போது அவர் ஒரு கணக்குப் போட்டார். "ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு டிகிரி குறையும். சிம்லா டெல்லியைவிட ரெண்டாயிரம் மீட்டர் ஒசரம். நாற்பதுல பன்னெண்டு போனா இருபத்தெட்டு. நம்ம ஊரு மார்கழிப் பகல்ம்மா அது. அதுக்குப் போய் கம்பளியா?" கணக்கு டீச்சரிடமே கணக்கு. அதில் தப்பும் இல்லை. ஆனால் அந்த வாரம் டெல்லியிலேயே நாற்பது இல்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து மழை மூட்டம், மின்விசிறியைக்கூடக் குறைத்து வைத்திருந்தோம். எதிலிருந்து கழிக்கிறோமோ அந்தப் பெரிய எண்ணே இறங்கிவிட்டது, அதை அவர் மாற்றவில்லை. அத்தைக்கும் எனக்கும் மட்டும் ஸ்வெட்டர், சால்வை, மஃப்ளர் எடுத்துக்கொண்டேன். வற்புறுத்தி எல்லோருக்கும் எடுத்திருக்க வேண்டும் என்று இப்போதும் சொல்கிறார்கள். வற்புறுத்தியிருந்தால் அதிகப்பிரசங்கி என்றிருப்பார்கள். நீங்களே சொல்லுங்கள்.

கால்காவிலிருந்து பொம்மை ரயிலில் 96 கிலோமீட்டர், நூறு சுரங்கத்துக்கு மேல். பாதி வழியிலேயே ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். சிம்லாவில் இறங்கும்போது சாரல். தங்கிய இடத்தில் ஹீட்டருக்குத் தனிக் காசு. மறுநாள் நார்கண்டா தாண்டிக் கோட்கட் போனோம். காலையில் பளிச்சென்று வெயில், பெரியத்தான் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. ஒரு மணி இருக்கும், தோட்டத்துக்காரர் எங்களுக்குச் சுண்டைக்காய் அளவில் பிடித்திருந்த பிஞ்சுகளைக் காட்டிக்கொண்டிருந்தார். மேகம் மேலே இருந்து வரவில்லை, பள்ளத்தாக்கிலிருந்து புகைபோல ஏறி வந்தது. தகரக் கூரையில் யாரோ கூழாங்கல்லைக் கொட்டுகிற சத்தம். பத்து நிமிடம்தான். முடிந்தபோது தரை வெள்ளையாக இருந்தது, பெரியத்தான் அரைக்கைச் சட்டையில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

அந்தத் தோட்டத்தில் பாதி மரங்களுக்குத்தான் ஆலங்கட்டி வலை கட்டியிருந்தார்கள். வலை இல்லாத பக்கம் பிஞ்சும் இலையும் சேறுமாகக் கிடந்தது. விழாமல் நிற்கிற காயிலும் அடிபட்ட தழும்பு கடைசி வரை இருக்கும், சந்தையில் விலை போகாது என்றார் தோட்டத்துக்காரர். அவர் மனைவி வாசற்படியில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அத்தைக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்தில் போய் உட்கார்ந்து தமிழிலேயே சொன்னார்: "எங்க ஊர்லயும் உளுந்தைப் பிடுங்கிக் களத்துல போட்டிருக்கும்போது வந்து கெடுக்கும்மா." அந்த அம்மா என்ன புரிந்துகொண்டாரோ, எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட்டார். நாங்கள் குளிரைப் பற்றிப் பேசுவதை அப்போதுதான் நிறுத்தினோம்.

மணாலியைக் கைவிட்டு, இரவுப் பேருந்தில் மே 4 காலை டெல்லி காஷ்மீரி கேட் வந்து இறங்கினால், அங்கே பனிமூட்டம்! அக்னி நட்சத்திரம் தொடங்குகிற நேரத்தில் டெல்லியில் 15.8 டிகிரி. "உங்க ஊரு வெயில் எங்கம்மா?" என்று கேட்டார் பெரியத்தான், ஏதோ நான்தான் அதை எடுத்து ஒளித்து வைத்ததுபோல.

அதனால் மே மாதம் என்றாலே குளிர் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வருடமே, 2024 மே 29-இல் சப்தர்ஜங்கில் 46.8 டிகிரி. டெல்லி ஓரத்து முங்கேஷ்பூரில் 52.9 என்று செய்தி வந்து, கருவி மூன்று டிகிரி கூட்டிக் காட்டியது என்று பிறகு சொன்னார்கள். 2021 மே மாதத்தில் டவ்தே புயலின் மிச்சமும் ஒரு மேற்கத்திய இடையூறும் சேர்ந்து ஒரே நாளில் 119.3 மில்லிமீட்டர் கொட்டியது. 2025 மே 2 விடிகாலையில் சில மணி நேரத்தில் 77. எல்லாம் ஒரே ஊர், ஒரே மாதம். எனவே சராசரியை வைத்துப் பெட்டி கட்டாதீர்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வானிலைத் துறையின் அறிவிப்பில் மாவட்டம் பார்த்து மஞ்சளா, ஆரஞ்சா என்று பாருங்கள். மாநிலத்தின் பெயரை மட்டும் பார்த்தால் பயம்தான் மிஞ்சும். உயரமான இடங்களைக் காலையிலேயே பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் இறங்கிவிடுங்கள். இந்த இடையூறு வந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் கடந்துவிடும், அதனால் வயதானவர்களோடு போகும்போது ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். மணாலியிலிருந்து ரோஹ்தாங் போவதென்றால் அது 3,978 மீட்டர், அங்கே மே மாதத்திலும் பனி உண்டு. டெல்லிக்கு மாலை விமானம் எடுக்காதீர்கள். ஆந்தி பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும், ஜெய்ப்பூருக்கோ லக்னோவுக்கோ திருப்பி விடுவார்கள்.

அப்பாவுக்குத் தனியாக ஒரு சால்வை வையுங்கள், அவர் வேண்டாம் என்றாலும். அன்று கோட்கட்டில் என்னுடையதைக் கழற்றிப் பெரியத்தானுக்குப் போர்த்திவிட்டேன். நல்ல குல்லு சால்வை. இன்றுவரை திரும்பி வரவில்லை. மன்னார்குடியில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்று கேட்கவும் முடியவில்லை.