கோதுமை பீருக்கு ஈஸ்ட் ஸ்டார்ட்டர் தேவையா? எவ்வளவு போடலாம்?

கேள்வி இதுதான்: இரண்டு மாதமாக ஃபிரிட்ஜில் இருக்கும் திரவ ஈஸ்ட் பாக்கெட் ஒன்றை வைத்து 20 லிட்டர் ஜெர்மன் பாணிக் கோதுமை பீர் காய்ச்ச வேண்டும். ஸ்டார்ட்டர், அதாவது பீரில் ஊற்றுமுன் ஈஸ்ட்டைக் கொஞ்சம் மால்ட் சாற்றில் வளர்த்தெடுப்பது, போட வேண்டுமா, போட்டால் எவ்வளவு?

போடுங்கள். ஆனால் ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம். மற்ற ஏல் வகைகளில் (மிதமான வெப்பத்தில் புளிக்கும் பீர்கள்) ஈஸ்ட் கொஞ்சம் கூடிப்போனாலும் பெரிதாக ஒன்றும் கெடாது. இதில் கெடும். இந்த பீரின் உயிரே ஈஸ்ட் தரும் வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும்தான். ஈஸ்ட் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் அது பெருக வேண்டிய வேலையே இல்லாமல் போய், வாழைப்பழ வாசம் மங்கிவிடும். சுத்தமாக, குறை சொல்ல முடியாததாக, அதே சமயம் முகமே இல்லாத பீர் கிடைக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஏலுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு, ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு (சாற்றில் கரைந்த சர்க்கரையின் அளவு) 7.5 லட்சம் செல்கள். 12 பிளேட்டோவில் 20 லிட்டர் என்றால் 18,000 கோடி. புதுப் பாக்கெட்டில் சுமார் 10,000 கோடி இருக்கும். மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு சாகும் என்று காய்ச்சுபவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்படியானால் உங்களிடம் மிஞ்சியிருப்பது ஆறாயிரம் கோடி சொச்சம். ஒரு லிட்டர் ஸ்டார்ட்டரில் அது ஏறக்குறைய இருமடங்காகும். ஏட்டுக் கணக்குக்கு இது குறைவுதான். ஆனால் துடிப்பாக இருக்கிற ஈஸ்ட், கொஞ்சம் குறைவாக இருப்பதுதான் இந்த பீருக்குப் பொருத்தம். எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, தூங்கிக் கிடப்பதை எழுப்பிவிடுவதற்காகவே நாம் ஸ்டார்ட்டர் போடுகிறோம்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், சாட்ஸ்வொர்த்தில். இங்கே பல தமிழ் வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் புரட்டாசி விரதம் கண்டிப்பு. இறைச்சியும் கிடையாது, மதுவும் கிடையாது. "மாசம் முடியட்டும் தம்பி, அதுவரைக்கும் அந்தப் பானையை எடுக்காதே" என்பார் அம்மா. தபாலில் வருகிற திரவ ஈஸ்டைக் குளிர் காலத்திலேயே, அதாவது ஆகஸ்ட்டுக்குள், வாங்கி வைத்துவிடுவது வழக்கம். வெயில் ஏறிய பிறகு வழியிலேயே பாதி செத்துவிடும். ஆகவே விரதம் முடிந்து, தீபாவளிக்கென்று காய்ச்ச உட்காரும்போது என் பாக்கெட்டும் உங்களுடையதைப் போல இரண்டு மாதப் பழசாகத்தான் இருக்கும்.

செய்முறைக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய தானியச் சாற்றின் பொடி). கோதுமை மால்ட்டாக இருந்தாலும் பார்லியாக இருந்தாலும் சரி. அடர்த்தி 1.037 பக்கம் வரும், அது போதும். இதைவிடக் கெட்டியாக்கினால் பலவீனமான ஈஸ்ட் திணறும். ஈஸ்ட் நியூட்ரியன்ட் இருந்தால் ஒரு சிட்டிகை. மால்ட் விலையைப் பார்த்து வெள்ளைச் சர்க்கரையைக் கரைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. சர்க்கரையில் நைட்ரஜன் சத்து இல்லை. எளிய சர்க்கரையிலேயே வளர்ந்த ஈஸ்ட், பிறகு மால்ட் சாற்றின் முக்கியச் சர்க்கரையான மால்ட்டோஸைக் கண்டதும் தயங்கும். எக்ஸ்ட்ராக்ட் இல்லையென்றால் இரண்டு கைப்பிடி பேல் மால்ட்டை (வெளிர் நிற பார்லி மால்ட்) நொறுக்கி, 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்த சாறு போதும்.

பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பொங்கி வழியும், அடுப்பை விட்டு நகராதீர்கள். மூடி போட்டு, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கி 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். காய்ச்சிய சாற்றைப் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைத்துப் பின்னால் பயன்படுத்த நினைக்காதீர்கள். பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் 100 டிகிரியில் சாகாது. பிரஷர் குக்கரில் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 121 டிகிரியில் சிறிது நேரம் வைத்திருந்தால்தான் சாகும். அன்றன்றைக்குக் காய்ச்சுவதே நல்லது.

ஈஸ்ட் பாக்கெட்டையும் கத்தரிக்கோலையும் சானிடைசரில் நனைத்து எடுத்த பிறகே வெட்டுங்கள். ஒரு லிட்டருக்கு இரண்டு லிட்டர் பாத்திரம் வேண்டும். வைசன் ஈஸ்ட்டின் (இந்தக் கோதுமை பீருக்கான ஈஸ்ட்) நுரை மற்ற ஈஸ்ட் மாதிரி அடங்கி நிற்காது, கழுத்து வரை ஏறும். வாயில் ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பு) மாட்டாமல் அலுமினியம் ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்துங்கள். ஈஸ்ட் தன் செல் சவ்வைக் கட்டிக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும், அதனால் காற்று உள்ளே போய்வர வேண்டும். தூசியும் பழ ஈயும் போகாமல் இருந்தால் போதும். டர்பனில் டிசம்பர் வந்தால் மேசை மேல் மாம்பழமும் லிச்சியும் குவிந்திருக்கும், கூடவே பழ ஈக்களும். அவை காலில் ஒட்டிக் கொண்டுவருவது வினிகர் பாக்டீரியா. ஸ்டார்ட்டரை அந்த மேசைக்குப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

காந்தக் கலக்கி இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் குறையில்லை. லோட்ஷெட்டிங்கில் மின்சாரம் போய்ப் போய் வந்த நாட்களில் இங்கே பலர் அதை மூட்டை கட்டிவிட்டு, போகும்போதும் வரும்போதும் பாத்திரத்தைக் கையால் சுழற்றியே வேலையை முடித்தார்கள். பழுப்பாகத் தெளிந்திருந்த சாறு முதலில் மங்கும்; பிறகு மோர் கலந்தது போல் வெளுத்து, சுழற்றும்போதெல்லாம் சீறி நுரைக்கும். நுரை உச்சத்தில் நிற்கும் அந்தக் கட்டம், பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரத்துக்குள், பீரில் ஊற்றச் சரியான நேரம்.

இங்கேதான் பொது அறிவுரையோடு நான் முரண்படுகிறேன். ஃபிரிட்ஜில் வைத்து ஈஸ்ட் அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை வடித்துவிடச் சொல்வார்கள். வைசன் ஈஸ்ட் சீக்கிரம் படியாது. பீரே கலங்கலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் வடிக்கும் அந்தத் தண்ணீரில் நல்ல ஈஸ்ட்டில் பெரும்பங்கு போய்விடும். ஒரு லிட்டரை அப்படியே முழுசாக ஊற்றுங்கள். இருபதில் ஒன்று, சுவையில் தெரியாது.

ஊற்றுமுன் இரண்டு விஷயம். ஒன்று, வெப்பம். பீரை 17 அல்லது 18 டிகிரியில் தொடங்குவீர்கள். எங்கள் கோடையில் அறையே 28 இருக்கும். அந்தச் சூட்டிலிருந்து நேரே குளிர்ந்த சாற்றில் விழுந்தால் ஈஸ்ட் அதிர்ந்து நின்றுவிடும். ஸ்டார்ட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உறைந்த பாட்டில் ஒன்றைப் போட்டுச் சிறிது சிறிதாக இறக்குங்கள். இரண்டாவது, முகர்ந்து பாருங்கள். வாழைப்பழம், கிராம்பு, ரொட்டி வாசம் வந்தால் சரி. அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தாலும் பயப்படாதீர்கள். இந்த வகை ஈஸ்ட்டில் கந்தகம் சகஜம், பிறகு போய்விடும். வினிகர் நெடி அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

உலர் ஈஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம். அதற்குத் தேவையான கொழுப்புச் சத்தைத் தொழிற்சாலையிலேயே ஏற்றி அனுப்புகிறார்கள். ஸ்டார்ட்டர் போட்டால் அதுதான் வீணாகும்.

அடுத்த முறைக்குப் புதுப் பாக்கெட் வாங்கவும் வேண்டாம். இந்த ஈஸ்ட் மேலே ஏறி மிதப்பது. இரண்டாம் மூன்றாம் நாளில் திறந்து பாருங்கள்: முதலில் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்புத் தரும் பூ) பிசின் ஒட்டிய பழுப்பு ஏடு இருக்கும். அதை வழித்து எறிந்தால் அடியில் வெண்ணெய் போல வெள்ளை நுரை வரும். கொதிநீரில் போட்டெடுத்த கரண்டியால் அதை அள்ளி, சுத்தமான ஜாடியில் மூடியை இறுக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் மறுபடி காய்ச்சினால் அதிலிருந்து சில கரண்டி நேரே போட்டுவிடலாம், ஸ்டார்ட்டரே தேவைப்படாது.